சாம்பல் கம்பெனி

அந்தத் தீபாவளியன்று மச்சான் எங்கள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு ஒரு துடை துடைத்தார். விரலில் வந்த சாம்பலைத் தன் நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, கையைக் கூப்பி, "கம்ப்யூட்டரப்பா, என்னைக் காப்பாத்து" என்றார். கூடத்தில் முறுக்கும் நெய்யுருண்டையுமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியின் சின்னத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. யாரோ தலையில் தட்டி தண்ணீர் கொடுத்தார்கள்.

இதை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டதும் இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோலாலம்பூரில் அரசாங்க ஆபீஸில் பெரிய வேலை, பிரிக்பீல்ட்ஸில் வீடு, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்துவிட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினேன். பெண் எடுத்த நாளிலிருந்தே மச்சானுக்கு என்னைப் பார்த்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வேண்டும். என் சட்டை, என் மோட்டார் சைக்கிள், நான் இங்கிலீஷ் பேசுவது, எதையும் விட்டதில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மச்சான் முறை, கேலி பண்ணத்தான் செய்வார் என்று விட்டுவிட்டேன். ஆனால் விபூதியில் கை வைத்தது வேறு விஷயம்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே டைப்பிங் படித்தவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரை மூடியபோது அங்கே இருந்த சாமான்களை விற்றார்கள். அதில் இதை வாங்கினோம். இரும்புப் பெட்டி, மஞ்சள் பாரித்த டிவி மாதிரி ஒரு திரை, முன்பக்கத்தில் பெரிய டிஸ்க் போடுகிற வாய். அப்பளம் மாதிரி வளையுமே, அந்தப் பெரிய டிஸ்க். அதில் தமிழ் எழுத்தை ஏற்றி, கோயில் திருவிழா நோட்டீஸ், வெள்ளிக்கிழமைப் பூசையில் பாடுவதற்கான தேவாரத் தாள், கல்யாணப் பத்திரிகை என்று என் மனைவி அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்ப்பேன். வீட்டுக்கு அது ஒரு வருமானம். அதைவிட, கோயிலில் ஆயிரம் பேர் கையில் இருக்கிற தாள் நம் வீட்டில் பிறந்தது என்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

கூடத்தில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் பிளக் இருந்தது. ஆகவே கம்ப்யூட்டரையும் அங்கேயே வைத்தோம். பள்ளிப் புத்தகமும் டிக்‌ஷ்னரியும் சரஸ்வதிக்குப் பக்கத்தில் இருப்பதைப்போல இதுவும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தோம். தினமும் விளக்கேற்றும்போது சாமிக்குப் பூசுகிற விபூதியில் அதற்கும் ஒரு கீற்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தூபக்காலை எங்கே வைப்பது? பிள்ளைகள் காலில் பட்டுவிடக் கூடாது என்று பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாக வைத்தேன். பெட்டிக்குப் பின்னால் காற்றாடி இருக்கிறது, அது ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் போட்ட சாம்பிராணியை எல்லாம் அது வெள்ளிதோறும் ஆசையாக மூச்சிழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டது.

ஆயுதபூசைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. அன்று மாலை பூசைக்கு வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை செய்து எடுக்கிறவரை சுவிட்சைத் தொடமாட்டோம். கிடங்கில் என் ஃபோர்க்லிப்டுக்கும் அப்படித்தான். முதலாளி சீனர். அவரே வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, "ஜாகா பாயிக் பாயிக்" என்பார். நல்லா பார்த்துக்க என்று அர்த்தம். ஒரு சீனருக்குப் புரிந்தது, எங்கள் மச்சானுக்குப் புரியவில்லை.

தீபாவளியன்று என்ன நடந்தது என்றால், பிள்ளைகள் அதில் ஏதோ விளையாட்டு போட்டார்கள். திரை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் அது அடிக்கடி நின்றுகொண்டுதான் இருந்தது. மச்சான் எழுந்து வந்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா மாப்ளே? இல்ல, இதுக்கும் அர்ச்சனைச் சீட்டுதான் வாங்கணுமா?"

நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் திறந்தார். உள்ளே மெத்தென்று சாம்பல் நிறத்தில் ஒரு படுகை. பலகை தெரியவில்லை, கம்பி தெரியவில்லை.

"ஐயோ! இது கம்ப்யூட்டரா, சுடுகாடா?"

என் மனைவி முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளில் அந்த வார்த்தை. அவள் சமாதானமாக, "சாம்பிராணிப் புகை போயிருக்கும்ண்ணே. ஆயுதபூசைக்குக்கூட அதைத் தொடாம ரெஸ்ட் குடுத்துத்தான் வச்சிருந்தோம்" என்றாள்.

"ரெஸ்ட்டா? கம்ப்யூட்டருக்கு லீவா?" மச்சான் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்குங்க. இந்த வீட்டுல கம்ப்யூட்டருக்கு லீவு. பென்சனும் உண்டா மாப்ளே?"

அதற்குப் பிறகுதான் அந்த விரலும் நெற்றியும். சிரிப்பு அடங்குவதற்குள் எங்களுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்: சாம்பல் கம்பெனி.

அந்தப் பெயர் எங்களுக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அம்பாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மணப்பெண்ணின் சித்தப்பா, எனக்கு யாரென்றே தெரியாதவர், "ஓ, நீங்கதான் சாம்பல் கம்பெனியா?" என்று கைகொடுத்தார். மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சின்னத்தை எதிரில் வந்து, "என்ன, கம்ப்யூட்டருக்கும் வேட்டியா?" என்றார். அந்த அம்பாங் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்ததே என் மனைவிதான். எல்லாரும் கையில் அதைத்தான் வைத்திருந்தார்கள். வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

நான் பக்தி உள்ளவன். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். அந்த வருஷம் நான் முருகனிடம் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டதைவிட மச்சானைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். அவருக்கு நோய் வரவேண்டும், நஷ்டம் வரவேண்டும் என்று கேட்கவில்லை. சாமி பேரால் சத்தியம். 'இந்த மனுசன் ஒருநாள் இதே மாடத்துக்கு முன்னால, இதே விபூதிக்கு, தலை குனிஞ்சு நிக்கணும்' என்று கேட்டேன். பால்குடம் எடுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் நடந்தவர், "அண்ணே, முகத்துல என்ன ஒரு ஒளி!" என்றார். ஒளி எதிலிருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் சாகக் கிடந்தது. சாம்பலை எல்லாம் பெயிண்ட் பிரஷால் கூட்டி எடுத்துப் பார்த்தோம். ஆனாலும் ஒரு பக்கம் அடிப்பதற்குள் நின்றுவிடும். கோயில் நோட்டீஸ் ஒன்று பாதியில் போய், என் மனைவி திரும்ப முதலிலிருந்து அடித்தாள். புதியது வாங்குவதா, இதையே பிரித்து உள்பாகத்தை மாற்றுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். மச்சான் போன் போட்டார்.

"தூக்கி லோங்காங்ல போடுங்க மாப்ளே. என்னோடது பாருங்க, புதுசு. சிடி போடலாம், பாட்டுக் கேக்கலாம். பழசை ஆபீஸ் பியூன்கிட்ட குடுத்துட்டேன். பழசைக் கட்டிக்கிட்டு அழறவன் முன்னேற மாட்டான் லா."

லோங்காங் என்றால் சாக்கடை. அந்த போனை வைத்த கையோடு முடிவு செய்துவிட்டேன். புதியதுதான் வாங்குவேன். அவருடையதைவிடப் பெரியதாக. திரை பெரியதாக, ஸ்பீக்கர் பெரியதாக. அடுத்த தீபாவளிக்கு அவர் வந்து உட்காரும்போது அந்த ஸ்பீக்கரில் திருப்புகழ் போட்டுக் காதைக் கிழிப்பேன்.

கோலாலம்பூரில் இம்பி சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருந்தன. நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனோம். மாடி மாடியாக ஏறினோம். ஒரு கடையில் மச்சான் வீட்டில் இருக்கிற அதே கம்ப்யூட்டர். பக்கத்தில் அதற்கு அண்ணன் மாதிரி இன்னொன்று. "அது" என்று காட்டினேன். கடைக்காரர் ஸ்பீக்கரைத் திருகிக் காட்டினார். தரை அதிர்ந்தது. எனக்குள் மேளம் கொட்டியது.

என் மனைவி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"என்னங்க, இது யாருக்கு வாங்கறோம்? நமக்கா, எங்க அண்ணனுக்கா?"

"நமக்குத்தான்."

"இதை வாங்கி வீட்டுல வச்சா அவரு என்ன சொல்லுவாரு? யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. 'பாத்தீங்களா, நான் சொன்னேன், மாப்ளே கேட்டுக்கிட்டாரு. சாம்பல் பெட்டி போயிருச்சு.' அதைத்தான் சொல்லுவார். எல்லா வீட்டிலும் சொல்லுவார். நான் அவரை விடப் பெரியதை வாங்கினாலும் அவர் சொன்னதைக் கேட்டு வாங்கினவன் ஆகிவிடுவேன்.

"அது மட்டுமில்ல" என்றாள் அவள். "நாம அடிச்ச தேவாரம் எல்லாம் பெரிய டிஸ்க்ல இருக்கு. இந்தப் புதுசுல அதைப் போட வாயே இல்ல. பாத்தீங்களா?"

நான் ஸ்பீக்கரைத்தான் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை. புதிய மெஷின்களில் எல்லாம் சின்ன டிஸ்க்குக்கான பொந்து மட்டும்தான்.

வெறுங்கையோடு பஸ் ஏறினோம். கிள்ளானில் இறங்குகிற சமயத்தில் எனக்கு மனது தெளிந்தது. பெட்டி இருக்கும். அந்தச் சந்தனப் பொட்டு இருக்கும். அவர் லோங்காங்கில் போடச் சொன்னது என் வீட்டுக் கூடத்தில், அதே இடத்தில், அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஓடவும் ஓடும். அதைவிட அவருக்குப் பெரிய வலி வேறு இல்லை.

கிள்ளான் பாசார் பக்கம் ஒரு சீனர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெட்டியைத் துணியில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். அவர் மூடியைத் தட்டிப் பார்த்து, "கேசிங் பாகுஸ் லா போஸ், நல்ல இரும்பு. இப்ப வர்றதெல்லாம் மில்க் டின்" என்றார். உள்ளே இருந்த பெரிய பலகையையும் மெமரியையும் மாற்றி, உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் பெரியதாகப் போடுவதாகச் சொன்னார். சின்ன டிஸ்க் பொந்து ஒன்று புதிதாக வைத்தார். பெரிய டிஸ்க் வாயைக் காட்டி, "இது இப்ப யாரும் பாகாய் பண்றதில்ல, யூஸ் இல்ல. எடுத்திரவா?" என்றார். "தொடாதே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதையும் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார். மூடியில் இருந்த பொட்டை மட்டும் அழிக்கவில்லை. சாமி விஷயம், அவர் கை வைக்கமாட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தோம். பிழைத்துக்கொண்டது. மனைவி விரலுக்கு அது காத்திருந்தது. முன்பெல்லாம் அவள் அதற்குக் காத்திருப்பாள். நான் தூபக்காலை மாடத்தின் மறுபக்கம் மாற்றினேன். சாம்பிராணி குறையவில்லை, வழிதான் மாறியது.

மச்சானிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் அப்போது வேறு பெருமையில் இருந்தார். என் மாமனாரின், அதாவது அவர் அப்பாவின், திதி வருகிறது, அதற்கு ஒரு புத்தகம் போடப்போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ரிப்பேர் பார்த்தவர். கடைசிக் காலத்தில் அவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அடித்து வைத்திருந்தார். மச்சானுக்குத் தமிழ் எழுத வராது. அப்பா பேசிய தமிழை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். "தமிழ் படிக்காத பேரப்பிள்ளைங்களும் வாசிக்கலாம்" என்பார். அது நல்ல எண்ணம்தான், குறை சொல்லமாட்டேன். "யாரும் கை கொடுக்க வேணாம், நானே எல்லாம் பாத்துக்குவேன்" என்று என் மனைவியிடம் அழுத்திச் சொன்னார். பத்திரிகை அடிக்கிறவள் அவருடைய தங்கை. தன் அப்பாவின் புத்தகத்தில் அவளுக்கு ஒரு எழுத்துகூட வேலை இல்லை. அவள் அன்று சமையலறையில் அதிக நேரம் இருந்தாள். அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஆயுதபூசை வந்தது. சாயங்காலம் விளக்கேற்றி, பிள்ளைகளின் புத்தகம், என் ஸ்பேனர், மனைவியின் தையல் கத்தரி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சுண்டல் படைத்து, பூசை முடித்து உட்கார்ந்தோம். வாசலில் கார் நின்றது. மச்சான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. கையில் ஒரு பெரிய டிஸ்க். உறையெல்லாம் பழுப்பு.

"மாப்ளே, உங்க கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா? அந்தப் பழசு?"

"இருக்கே மச்சான். எங்க போவும்?"

"அப்பாடா." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் புதுசுல இது போகாது. பழசை பியூன்கிட்ட குடுத்தேன்ல, அவன் எடைக்குப் போட்டுட்டானாம். நாலு கடை ஏறி எறங்கிட்டேன். எல்லாம் சின்ன டிஸ்க்குதான்ங்கறான். அப்பா கதை முழுசும் இதுலதான் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள குடுக்கலைன்னா திதிக்குப் புக்கு வராதுன்னு பிரிண்டிங்காரன் சொல்லிட்டான். சட்டுனு போடுங்க, அஞ்சு நிமிசம்."

என் மனைவி அவர் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் குரல் அதற்குள் இருக்கிறது. நான் மாடத்தைப் பார்த்தேன். முருகன் சிரித்த முகமாகவே இருந்தார். அந்த ஒரு கணத்தில் எனக்குள் வந்த சந்தோஷத்தை நான் எந்தத் திருவிழாவிலும் அடைந்ததில்லை.

"இன்னைக்கு ஆயுதபூசை மச்சான்" என்றேன்.

"சரி?"

"மெஷின் பூசையில இருக்கு. மால போட்டாச்சு. நாளைக்கு மறுபூசை முடிஞ்சாத்தான் தொடலாம்."

"என்ன விளையாடறீங்களா? ஒரு சுவிட்ச் மாப்ளே!"

"லீவு மச்சான்" என்றேன். "கம்ப்யூட்டருக்கு லீவு. பென்சன் மட்டும்தான் இல்ல."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சிவந்தது, வெளுத்தது. தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அப்பா விஷயம்."

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம். அவள் சுவிட்சைப் போட்டுவிட்டால் நான் தடுக்கமாட்டேன். அவளுடைய அப்பா. அவள் டிஸ்க்கை வாங்கினாள், உறையைத் துடைத்தாள், கொண்டுபோய் மாடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மற்ற புத்தகங்களோடு வைத்தாள். மேலே ஒரு பூவையும் வைத்தாள்.

"இதுவும் பூசையில இருக்கட்டும்ண்ணே. அப்பா இருந்தா இன்னைக்கு மெஷினைத் தொட விடுவாரா? காலையில சீக்கிரம் வாங்க. குளிச்சிட்டு வாங்க."

மச்சான் எழுந்து போனார். சுண்டல் கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்தவுடனேயே வந்துவிட்டார். தலை ஈரம். வேட்டி கட்டியிருந்தார். அவரை வேட்டியில் பார்ப்பது அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு அதுதான். மணிக்கட்டில் கடிகாரம். நானும் குளித்து, மேல்துண்டோடு, மணியை எடுத்தேன்.

நான் பூசையை நிதானமாகச் செய்தேன். மற்ற வருஷங்களில் மறுபூசை என்றால் ஒரு பதிகம், ஒரு திருப்புகழ், தீபாராதனை, முடிந்தது. அன்று எனக்குத் தெரிந்த பதிகம் எல்லாம் நினைவுக்கு வந்தது. பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தலத்துச் சிவனையும் கூப்பிட்டேன். அம்மனைப் பாடினேன். முருகனிடம் வந்தபோது திரும்பவும் பிள்ளையாருக்குப் போனேன். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். நான் இழுத்துப் பாடினேன். அவர் தொண்டையைச் செருமினார். நான் அடுத்ததை எடுத்தேன்.

"என்னங்க..." என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

"சாமி காரியம்" என்றேன்.

சாம்பிராணி போட்டேன். நிறையவே போட்டேன். மாடத்துக்குக் காட்டினேன், கம்ப்யூட்டருக்குத் தூரத்திலிருந்து காட்டினேன், மச்சானுக்குப் பக்கத்திலிருந்து காட்டினேன். இருமினார். கண்ணில் தண்ணீர். கையைக் கூப்பியபடியே நின்றார். அசைந்தால் நேரம் ஆகும் என்று பயம். பிறகு விபூதித் தட்டை எடுத்தேன். அவர் கை நீட்டினார். நான் கையில் கொடுக்கவில்லை.

"குனிங்க மச்சான்."

அவர் என்னைவிட உயரம். குனிந்தார். கட்டைவிரலால் அல்ல, மூன்று விரலாலும் அள்ளி, காதிலிருந்து காதுவரை பூசினேன். புருவத்திலும் மூக்கிலும் உதிர்ந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. 'கம்ப்யூட்டரப்பா' என்று அவர் பூசிக்கொண்ட அதே நெற்றி. முருகா, கேட்டதைக் கொடுப்பவன் நீ.

மனைவி மாலையை நகர்த்தி, டிஸ்க்கை எடுத்து, பெரிய வாயில் செருகி, சுவிட்சைப் போட்டாள். டிரைவ் கரகரவென்று அரைத்தது. நின்றது. மறுபடியும் அரைத்தது. ரொம்ப வருஷம் பெட்டியில் கிடந்த டிஸ்க், பூஞ்சை பிடித்திருக்கலாம். அந்தச் சத்தத்தில் மட்டும் நான் பழியை மறந்துவிட்டு, 'அவ அப்பா பேச்சு, போயிறக் கூடாது' என்று வேண்டினேன். மச்சான் உதடும் அசைந்தது. என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை.

திரையில் எழுத்து வந்தது. மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தமிழாகச் சத்தமாக வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்க மாமனார் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கப்பல், கூலி லைன், ஒர்க்‌ஷாப். "ஒழுங்கா இருக்கு, காப்பி எடுத்திரு" என்று மச்சான் அவசரப்பட்டார். அவள் சின்ன டிஸ்க்கைச் செருகி காப்பி போட்டுக்கொண்டே கீழே போனாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"'ஆயுதபூசைக்கு எஞ்சினுக்குப் பெரிய மாலை போடுவோம்'" என்று வாசித்தாள். "'அன்னைக்கு நெருப்பு மூட்ட மாட்டோம். எஞ்சினுக்கும் ரெஸ்ட்டு வேணும்ல. என் மகன் அப்ப சின்னவன். எஞ்சின் நெத்தியில நான்தான் விபூதி பூசுவேன்னு ஒரே அழுகை. தோள்ல தூக்கிக்கிட்டேன். அவன் கையாலதான் பூசினான். வெள்ளைக்காரத் தொரைக்கும் பூசி விட்டான். தொரை தொப்பியக் கழட்டிட்டுக் குனிஞ்சான்.'"

அந்த மகன் வேறு யாரும் இல்லை. மாமனாருக்கு ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான். அப்பா சொல்லச் சொல்ல இதே கையால் அடித்திருக்கிறார். மறந்தாரா, மறந்த மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியாது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "இந்த இடம் கொஞ்சம் நீளமா இருக்கு. வெட்டிறலாம்னு பாக்கறேன்."

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி திரும்பினாள். அவள் அண்ணனிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

"அப்பா பேச்சுல கைய வைக்காதீங்கண்ணே. ஒரு வார்த்தை கொறைஞ்சாலும் எனக்குத் தெரியும். என்கிட்டயும் இப்ப ஒரு காப்பி இருக்கு."

அவர் சின்ன டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். நேரம் ஆகியிருந்தது. கார் கிளம்பி முனை திரும்புகிறவரை பார்த்தேன். விபூதி நெற்றியோடுதான் போனார், துடைக்கக்கூட நேரம் இல்லை. பிரிண்டிங்காரர் முன்னால் அப்படித்தான் நின்றிருப்பார்.

புத்தகம் திதிக்கு வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் மச்சான் வீட்டில் இலை போட்டார்கள். ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு புத்தகம். நான் பரிமாறுகிற பக்கம் நின்றுகொண்டேன். வேண்டுமென்றேதான். தமிழ் படிக்காத பேரப்பிள்ளைகள்தான் முதலில் வாசித்தார்கள், சத்தமாக வாசித்தார்கள். எஞ்சின் இடம் வந்தது. மகன் தோளில் ஏறியது வந்தது. சின்னத்தை வடையை இலையில் வைத்துவிட்டு, "இரு இரு, திரும்ப வாசி" என்றார். வாசித்தார்கள். சின்னத்தை மச்சானைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அப்ப சாம்பல் கம்பெனி ஆரம்பிச்சது நீதானா?"

பந்தி முழுவதும் சிரித்தது. சின்னத்தைக்கு மறுபடியும் புரை ஏறியது. இந்தத் தடவை தண்ணீர் கொடுத்தது நான்தான். மச்சான் இலையைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது எவ்வளவு காலமாகத் தெரியும்! நான் அவர் இலைக்குப் போய் பாயசம் ஊற்றினேன். "போதும் மாப்ளே" என்றார். "இன்னும் கொஞ்சம் மச்சான்" என்று இலை நிறைய ஊற்றினேன்.

பழி வாங்கினவனுக்குப் பிறகு மனசு உறுத்தும் என்று சொல்கிறார்கள். எனக்கு உறுத்தவில்லை. அன்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, முருகனிடம் நன்றி சொன்னேன். மன்னிப்பு கேட்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றினால் கேட்பேன். கம்ப்யூட்டருக்கு ஒரு கீற்று விபூதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

அந்த மாதமே ஒருநாள் போன் வந்தது. மச்சான். குரலில் சத்தம் குறைவு.

"மாப்ளே, அந்தப் பெரிய டிரைவைக் கழட்டிடலையே? பரண்ல இன்னும் சில டிஸ்க்கு கெடக்குது. அப்பா பாடினதை எல்லாம் எழுதி வச்சிருந்தேன் போல. எப்ப வரட்டும்?"

நான் காலண்டரைப் பார்க்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமை பூசை நேரத்துக்கு வாங்க மச்சான்" என்றேன். "குளிச்சிட்டு வாங்க."